மாநிலச் செயலர் தேர்தல்: ஜார்ஜியாவில் புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் கவனிக்க வேண்டியவை

அட்லாண்டா வட்டாரத்தில் குடியேற்றச் சட்ட வழக்கறிஞராகத் தொழில் செய்து வருகிறேன். குடியுரிமை உறுதிமொழி எடுத்த கையோடு என்னிடம் கேட்கப்படுபவை பெரும்பாலும் பாஸ்போர்ட்டையும் ஓ.சி.ஐ. அட்டையையும் பற்றிய கேள்விகளே. வாக்களிப்பதைப் பற்றிக் கேட்பவர்களும் குடியரசுத் தலைவர் தேர்தலையும், மிஞ்சினால் ஆளுநர் தேர்தலையும் மட்டுமே மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். அவர்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறுமா, எந்தச் சான்றைக் காட்டினால் ஏறும் என்பதில் மாநில அளவில் முதன்மைப் பொறுப்பு வகிக்கும் அதிகாரியும் அதே வாக்குச்சீட்டில், ஆளுநர், துணை ஆளுநர் பதவிகளுக்கு அடுத்தபடியாக, கட்சி வேட்பாளராகவே நிற்கிறார் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் எனப்படும் அந்த மாநிலச் செயலரை ஜார்ஜியா மக்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கம்பெனி பதிவு, செவிலியர் உரிமம் முதலியவற்றுக்காக நம்மவர்கள் அறிந்திருக்கும் அலுவலகமும் இதுவே. தமிழ்நாட்டில் தலைமைத் தேர்தல் அதிகாரி என்பவர் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி; இந்தியத் தேர்தல் ஆணையத்தால் நியமிக்கப்படுபவர். அவர் கட்சிச் சார்பில் வாக்குக் கேட்டு வருவதை நம்மால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. அமெரிக்காவிலும் ஒரே முறை இல்லை. டெக்சாஸ், புளோரிடா, பென்சில்வேனியா மாநிலங்களில் ஆளுநரே மாநிலச் செயலரை நியமிக்கிறார். கலிபோர்னியா, மிச்சிகன், அரிசோனா, ஒஹாயோ ஆகியவற்றில் ஜார்ஜியாவைப் போலவே தேர்தல். வாக்குச்சாவடி நடத்துவது, எண்ணுவது போன்ற களப்பணி ஜார்ஜியாவின் 159 கவுண்டிகளின் பொறுப்பு என்றாலும், மாநிலம் முழுவதற்குமான வாக்காளர் பதிவேடு, எந்திரங்கள், கவுண்டி அதிகாரிகளுக்கான வழிகாட்டுதல், இறுதி முடிவுக்குச் சான்றளித்தல் ஆகியவை மாநிலச் செயலரிடம் இருக்கின்றன.

இதில் தமிழர்களை நேரடியாகத் தொடுவது பெயர் சரிபார்ப்பு. செந்தில்குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்ததால் விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்துவிட்டது. ஓட்டுநர் உரிமத்திலும் அப்படியே ஏறிவிட்டது. குடியுரிமைச் சான்றிதழிலோ அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துச் சரிசெய்துகொண்டார். சமூகப் பாதுகாப்பு அலுவலகப் பதிவில் ‘செந்தில்’ தனியாகவும் ‘குமார்’ தனியாகவும் இருக்கின்றன. நால்வரும் ஒருவரே என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஓட்டுநர் உரிமத் துறையிலோ சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திலோ உள்ள விவரத்தோடு வாக்காளர் பதிவு விண்ணப்பம் அப்படியே பொருந்த வேண்டும் என்ற நடைமுறையை ஜார்ஜியா மாநிலச் செயலர் அலுவலகம் முன்பு கையாண்டது. அதை எதிர்த்து 2016இல் தொடரப்பட்ட வழக்கு 2017 தொடக்கத்தில் சமரசத்தில் முடிந்தது. ஆனால் அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் அதனையொத்த விதியைச் சட்டமாகவே இயற்றிவிட்டது. 2018 அக்டோபரில் சுமார் 53,000 விண்ணப்பங்கள் நிலுவையில் இருப்பதாகவும், அவற்றில் பெரும்பகுதி கறுப்பினத்தவருடையவை என்றும் செய்தி வந்தது. நிலுவையில் உள்ளவர்கள் புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி வாக்களிக்கலாம் என்பது உண்மையே. குடியுரிமை தொடர்பாக நிலுவையில் வைக்கப்பட்டவர்களின் பாடுதான் கடினமாக இருந்தது. வாக்குச்சாவடியிலேயே குடியுரிமைச் சான்றைக் காட்டி அவர்கள் வாக்களிக்க வழி திறந்தது, வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருக்கையில் கூட்டாட்சி நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால்தான். 2019இல் சட்டமன்றம் விதியைச் சற்றுத் தளர்த்தியது.

நீதிமன்றம் இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். 2018 தேர்தலை ஒட்டித் தொடரப்பட்ட பெரிய வழக்கில், நீண்ட விசாரணைக்குப் பிறகு 2022 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிபதி மாநில அரசுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தார். அந்த நடைமுறைகள் அரசியல் சட்டத்தையோ வாக்குரிமைச் சட்டத்தையோ மீறவில்லை என்றார். அந்தத் தீர்ப்பில் எனக்கு வியப்பில்லை. ஒரு நடைமுறை சிரமம் தருவதாக இருப்பது வேறு, சட்டவிரோதமாக இருப்பது வேறு. சட்டம் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டுவைத்த இடத்தில் அவர் எடுக்கும் முடிவை நீதிமன்றம் எளிதில் தொடாது. அப்படிப்பட்ட முடிவுகள் பிடிக்கவில்லையென்றாலும், பிடித்திருந்து தொடர வேண்டும் என்றாலும், வாக்காளர் கையில் உள்ள வழி மாநிலச் செயலர் தேர்தல்தான். எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வேலை அன்று.

இந்தப் பதவிக்கு உள்ள பெரிய இடர்ப்பாடு, அது மேலே ஏறுவதற்கான படியாக இருப்பது. மாநிலச் செயலர்களாக இருந்த கேத்தி காக்ஸ் 2006இலும், கேரன் ஹேண்டல் 2010இலும், பிரையன் கெம்ப் 2018இலும் ஆளுநர் பதவியை நாடினார்கள். இவர்களில் ஹேண்டல் பதவியை விட்டு விலகிய பிறகே போட்டியைத் தொடர்ந்தார். கெம்ப் விலகவில்லை. ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸை எதிர்த்து அவர் போட்டியிட்ட தேர்தலுக்கு அவரே மாநிலச் செயலராக இருந்தார். வாக்குப்பதிவு முடிந்து இரண்டு நாள் கழித்து, 2018 நவம்பர் 8 அன்றுதான் விலகினார். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனாலும் தன் வழக்கில் தானே நீதிபதியாக அமர்வதைப் போன்ற அந்த நிலையை எந்தக் கட்சிக்காரர் செய்தாலும் என்னால் ஏற்க முடியாது. அவர் ஒரு வாக்கைக்கூடத் தவறாகக் கையாளாமல் இருந்திருக்கலாம், தோற்றவர் பக்கத்துக்கு அந்த நம்பிக்கை எப்படி வரும்?

கெம்ப் விட்டுச்சென்ற இடத்துக்கு நடந்த தேர்தலைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் குடியரசுக் கட்சியின் பிராட் ராஃபென்ஸ்பெர்கருக்கும் ஜனநாயகக் கட்சியின் ஜான் பேரோவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் சுமார் 16,000 வாக்குகள். ஆளுநர் பதவிக்கு விழுந்த மொத்த வாக்குகளைவிட இந்தப் பதவிக்கு விழுந்தவை 50,000க்கும் மேல் குறைவு. அதாவது வாக்குச்சாவடிவரை வந்து, சீட்டைக் கையில் வாங்கி, இந்த இடத்தை வெறுமையாக விட்டுப் போனவர்களின் எண்ணிக்கை வெற்றி வித்தியாசத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல். இருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் டிசம்பர் 4 அன்று மறுசுற்று நடந்தது. நவம்பரில் சுமார் 39 லட்சம் பேர் தெரிவு செய்த பதவிக்கு அன்று வந்தவர்கள் 15 லட்சம் பேர்கூட இல்லை. ராஃபென்ஸ்பெர்கர் ஏறத்தாழ 52 விழுக்காடு பெற்று வென்றார்.

அந்தக் குறைந்த கூட்டம் தேர்ந்தெடுத்தவரிடம்தான் இரண்டு ஆண்டு கழித்து 2020 குடியரசுத் தலைவர் தேர்தலின் முடிவு வந்து நின்றது. ஜார்ஜியாவில் ஜோ பைடன் 11,779 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார். சுமார் 50 லட்சம் வாக்குகளும் கையால் எண்ணப்பட்டன, எந்திரத்தால் மறுபடியும் எண்ணப்பட்டன, முடிவு மாறவில்லை. 2021 ஜனவரி 2 அன்று டொனால்ட் டிரம்ப் தொலைபேசியில் 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்கும்படி கேட்டதும், தன் கட்சித் தலைவரே கேட்டும் ராஃபென்ஸ்பெர்கர் இணங்காததும் உலகறிந்த செய்தி. அதற்கு வந்த விளைவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதே ஆண்டு மார்ச் மாதம் நிறைவேறிய தேர்தல் சட்டம், தேர்தல் விதிகளை வகுக்கும் மாநிலத் தேர்தல் வாரியத்தின் தலைமையிலிருந்து மாநிலச் செயலரை நீக்கி, வாரியத்தில் அவருக்கு இருந்த வாக்கையும் பறித்தது. அந்த வாரியம் 2024 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு வாக்குச்சீட்டுகளைக் கையால் எண்ண வேண்டும் என்பது உள்ளிட்ட புதிய விதிகளைக் கொண்டுவந்ததும், நீதிமன்றங்கள் அவற்றை நிறுத்தியதும் இதன் தொடர்ச்சியே. ஆகவே இன்றைய மாநிலச் செயலரின் அதிகாரம் 2018இல் இருந்த அளவுக்கு இல்லை. ஆனால் பதிவேடு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. 2022 மே மாதக் கட்சி முன்தேர்தலில், டிரம்ப் ஆதரவு பெற்ற ஜோடி ஹைஸை மறுசுற்றுக்கே இடமின்றி ராஃபென்ஸ்பெர்கர் தோற்கடித்தார். 2020 முடிவை ஏற்பதா மறுப்பதா என்பதையே மையமாக வைத்து அந்த ஆண்டில் நெவாடா, அரிசோனா, மிச்சிகன் மாநிலங்களிலும் இதே பதவிக்குக் கடும் போட்டி நடந்தது, மறுத்தவர்கள் தோற்றார்கள்.

ராஃபென்ஸ்பெர்கரும் ஆளுநர் போட்டியில் இறங்குவதாக அறிவித்ததால் 2026இல் இந்தப் பதவி புதியவருக்கு உரியது. வேட்பாளர்கள் நம் பகுதிக்கு வந்தால் வரியையும் பள்ளிக்கூடத்தையும் பற்றிக் கேட்பதில் பயனில்லை. பெயர் பொருந்தாத விண்ணப்பங்களை எப்படிக் கையாள்வீர்கள், பட்டியலிலிருந்து பெயர் நீக்கும்முன் எவ்வகை அறிவிப்பு அனுப்புவீர்கள், வாக்குச்சீட்டில் அச்சாகும் கியூ.ஆர். குறியீட்டைக் கொண்டு வாக்கு எண்ணக் கூடாது என்ற 2024 சட்டத்தை எந்த எந்திரத்தால், யார் பணத்தில் நிறைவேற்றுவீர்கள், பதவியில் இருக்கும்போது வேறு பதவிக்கு நின்றால் விலகுவீர்களா என்று கேளுங்கள்.

பச்சை அட்டையில் இருப்பவர்கள் ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கேயே வாக்காளர் பதிவும் நடப்பதால், அமெரிக்கக் குடிமகனா என்ற கேள்விக்குக் கைதவறி ‘ஆம்’ என்று குறித்தால் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பம் மறுக்கப்படலாம். நாடுகடத்தும் வழக்கு வரையிலும் போகலாம். குடியுரிமை பெற்றவர்கள் சான்றிதழை எடுத்துக்கொண்டு முதலில் ஓட்டுநர் உரிமத் துறைக்கும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் சென்று, குடியுரிமை நிலையையும் பெயரையும் ஒரே எழுத்தில் திருத்திக்கொள்ளுங்கள்; பழைய பதிவில் வெளிநாட்டவர் என்றே இருந்தால் வாக்காளர் விண்ணப்பம் அங்கேயே தட்டி நிற்கும். 2026 நவம்பர் 3 தேர்தலுக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் அக்டோபர் 5. பதிவு ஏறிவிட்டதா என்பதை மாநிலச் செயலரின் ‘மை வோட்டர் பேஜ்’ இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, கவுண்டி ஆகியவற்றைக் கொடுத்துப் பார்க்கலாம். நிலுவை என்று வந்தால் அக்டோபர்வரை காத்திராமல் அன்றே கவுண்டிப் பதிவு அலுவலகத்துக்குச் சான்றிதழின் நகலோடு போய்விடுங்கள்.