பைக்குள் மடித்து வைத்த தூண்டிலோடு அவசரப் பிரிவுக்கு வருபவர்கள்

மே மாதத்து வெள்ளிக்கிழமை மாலை. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தியபடி எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் வந்தார். விரல்களுக்கு இடையே அரை அடி நீளத்துக்குத் தங்கூசி, அதாவது தூண்டில் நைலோன் இழை, தொங்கிக்கொண்டிருந்தது.

"வேலை முடிஞ்சு வாற வழியில, பாலத்துக்குக் கீழ அரை மணித்தியாலம் நிண்டிட்டுப் போவம் எண்டுதான் இறங்கினனான், டொக்டர்."

"இழுத்துப் பாத்தீங்களோ, தம்பி?"

"ஒருக்கா."

கையை எடுத்துப் பார்த்தேன். மேலிமையில் ஓர் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய செயற்கைப் பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் தூண்டில் முள் இமையைத் துளைத்து உள்பக்கம் எட்டியிருந்தது. கருவிழியில் படவில்லை. கண் வைத்தியர் வந்து அதை எடுத்து முடிக்க இரவு பதினொரு மணியானது. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி போடவில்லையா என்று கேட்டேன். "மீன்பிடிக்கப் போற நாளெண்டா போடுவன். இண்டைக்குப் போற யோசினையே இருக்கேல்லை" என்றார்.

ஒன்ராறியோவில் அவசர சிகிச்சை வைத்தியராக வேலை செய்யும் எனக்கு இந்தப் பதில் புதிதல்ல. (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) அவருடைய காரின் பின்பெட்டியில் எப்போதும் கிடந்தது 7 துண்டாகக் கழற்றும் ஒரு ஃப்ளை ரொட், செயற்கைப் பூச்சியை எறிந்து மீன்பிடிக்கும் தடி. 9 அடித் தடி. கழற்றினால் 45 சென்றிமீற்றருக்குள் அடங்கிவிடும். மடிக்கணினிப் பைக்குள்ளேயே வைக்கலாம். வழக்கமான 4 துண்டுத் தடி ஏறக்குறைய 75 சென்றிமீற்றர் வரும். நானும் அப்படி ஒரு குட்டித் தடியை வைத்திருப்பவன்தான். இரவுக் கடமை முடிந்த காலையில் ஆற்றோரம் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போகும் சுகத்தை நான் நன்றாக அறிவேன். அதனால் போகவேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் நினைத்த நேரம் போவதற்கென்று தடியைச் சின்னதாக்கி வாங்கியவர்கள், தடியோடு வரவேண்டிய மற்றச் சாமான்களை இன்னும் வீட்டு அலுமாரியிலேயே வைத்திருக்கிறார்கள். நான் பார்க்கும் காயங்களில் பாதிக்கதை இதுதான்.

ஊரில் ஈயக்குண்டு கட்டி எறிந்து பழகியவர்களுக்கு இந்தத் தூண்டிலின் போக்கு முதலில் பிடிபடாது. குண்டின் பாரம்தான் அங்கே தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில் முள்ளுக்கு மயிரும் இறகும் சுற்றிப் பூச்சிபோலக் கட்டியிருப்பார்கள். அதற்குப் பாரமே கிடையாது. தடித்த கயிறுதான் பாரம். அந்தக் கயிற்றைத் தலைக்கு மேலால் பின்னுக்கு விட்டு, முன்னுக்கு எடுத்து, மறுபடி பின்னுக்கு விட்டு எறியவேண்டும். ஒவ்வொரு வீச்சிலும் முள் உங்கள் காதுக்கும் கண்ணுக்கும் அருகால் வேகமாகப் போய்வருகிறது. வலக்கையால் எறிபவருக்கு வலப்பக்கமிருந்து காற்று அடித்தால், அந்தக் கயிறு நேரே முகத்துக்குத்தான் வரும். அப்படியான நாளில் தடியை இடது தோளுக்கு மேலாகச் சாய்த்து எறியுங்கள். முடியாவிட்டால் காற்று மற்றப் பக்கத்தில் படும்படி இடத்தை மாற்றுங்கள். எறிய முன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பாருங்கள். தகப்பன் எறிவதைப் பார்க்க ஓடிவந்து பின்னால் நின்ற ஒரு பிள்ளையின் கன்னத்திலிருந்து முள் எடுத்திருக்கிறேன்.

கண்ணில் முள் ஏறினால் செய்யவேண்டியது மிகக் குறைவு. செய்யக்கூடாததுதான் அதிகம். இழுக்காதீர்கள். முள்ளின் நுனிக்குப் பின்னால் அம்பில் இருப்பதுபோல ஓர் எதிர்முள் இருக்கிறது. இழுத்தால் அது உள்ளிருப்பதையும் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். தங்கூசியை முள்ளுக்குக் கிட்ட வெட்டிவிடுங்கள். ஒரு கடதாசிக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் மட்டும் பொறுக்கும்படி மூடி, மெல்ல ஒட்டுங்கள். கண்ணில் அழுத்தம் விழக்கூடாது. பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டக்கூடாது. தேய்க்கவோ கழுவவோ கூடாது. ஒன்றும் சாப்பிடாமல், குடிக்காமல் வாருங்கள், சத்திரசிகிச்சை தேவைப்படலாம். வண்டியை வேறொருவர் ஓட்டட்டும், இல்லாவிட்டால் 911.

விரலில் ஏறிய முள்ளுக்கு நிலைமை இவ்வளவு பயங்கரமில்லை. ஆழமில்லாமல் தோலில் நிற்கும் சின்ன முள்ளை எடுக்க நூலால் சுண்டும் முறை ஒன்று இருக்கிறது. 1961இல் குக் என்ற வைத்தியர் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் இதை விளக்கி எழுதினார். இன்றைக்கும் நாங்கள் செய்கிறோம். முள்ளின் வளைவில் பலமான நூலைக் கொழுவி, முள்ளின் காம்பைத் தோலோடு சேர்த்துக் கீழே அழுத்தினால் எதிர்முள்ளின் பிடி விடும். அந்த நேரம் காம்புக்குச் சமாந்தரமாக நூலை ஒரே வெட்டாகச் சுண்டவேண்டும். முள் நேரே பறந்து வருமென்பதால் அந்தத் திசையில் ஒருவரும் நிற்கக்கூடாது. காதுச் சோணையில் இந்த முறை சரிவராது. அது ஆடும், அழுத்திப் பிடிக்க இடமில்லை. முகம், கழுத்து, மூட்டு, நரம்பு ஓடும் இடம் எதிலும் நீங்களாக முயற்சிக்க வேண்டாம்.

ஆனால் இந்த வித்தையெல்லாம் வேண்டியதில்லை, நீங்கள் வாங்கிய அன்றே குறட்டால் எதிர்முள்ளை நசுக்கிவிட்டால். பத்துச் செக்கன் வேலை. எதிர்முள் இல்லாத முள் போன வழியாலேயே திரும்பி வரும். மீன் தப்பிவிடுமே என்று சிலர் சண்டை பிடிப்பார்கள். தங்கூசியைத் தொய்யவிடாமல் பிடித்தால் அவ்வளவாகத் தப்புவதில்லை. இங்குள்ள கிராண்ட் ஆற்றின் மேற்பகுதியில் பழுப்பு ட்ரவுட் மீன் இருக்கும் சில துண்டுகளில் எதிர்முள் இல்லாத ஒற்றை முள்தான் சட்டம், பிடித்த மீனைத் திரும்ப விடவும் வேண்டும். இடையில் நினைத்து இறங்குபவர்கள் இந்த எல்லைப் பலகையைப் படிக்காமல் அகப்படுகிறார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டாலும் அப்படித்தான். ஒருநாள் பத்திரத்தைக் கைபேசியிலேயே வாங்கலாம்.

பல துண்டுத் தடிக்கு இன்னொரு குணம் உண்டு. 7 துண்டென்றால் 6 பொருத்துகள். அரை மணித்தியாலம் எறிந்தால் ஏதாவது ஒன்று தளரும், நுனித்துண்டு கயிற்றோடு கழன்று தண்ணீருக்குள் போகும். விலை கூடிய தடி, விட மனம் வராது. அதைப் பிடிக்க ஓர் அடி கூடுதலாக வைத்துச் சறுக்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஒருவர் மணிக்கட்டு முறிந்து வந்தார். இடைக்கிடை பொருத்துகளை விரலால் தொட்டுச் சரிபாருங்கள். போனால் போகட்டும்.

நான் தூக்கம் விட்டுப் பயப்படுவது தண்ணீருக்குத்தான். கிராண்ட் ஆற்றில் ஃபேர்கஸ் ஊருக்கு மேலே 1942இல் கட்டிய ஷாண்ட் அணை அடியிலிருந்து குளிர்நீரை விடுகிறது. அதனால்தான் அதற்குக் கீழே கோடையிலும் ட்ரவுட் பிழைக்கிறது. அணை திறக்கும் அளவு மாறினால் மழையே இல்லாத நாளிலும் ஆறு உயரும். நதிப் பாதுகாப்பு ஆணையம் நீரோட்ட அளவை இணையத்தில் போடுகிறது, இறங்க முன் பார்க்க ஒரு நிமிடம் போதும். ட்ரவுட் பருவம் தொடங்கும் ஏப்ரல் கடைசியில் பனி உருகிய தண்ணீர் வேறு. குளிர்நீரில் விழுந்தவருக்கு என்ன நடக்கும் என்பதை மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று நினைவில் நிற்கும்படி சொல்லியிருக்கிறார். முதல் 1 நிமிடம் மூச்சு இரைத்து இழுக்கும், அதை அடக்கி முகத்தைத் தண்ணீருக்கு மேல் வைத்திருப்பதே வேலை. அடுத்த 10 நிமிடம்வரை கைகால் சொற்கேட்கும். சுய நினைவு போக ஏறக்குறைய 1 மணித்தியாலம் ஆகும். உயிர் காக்கும் மிதவை இல்லாதவர் பெரும்பாலும் அந்த மணித்தியாலத்தைக் காண்பதில்லை. கைகால் ஓய்ந்ததும் மூழ்கிவிடுகிறார். எங்கள் ஆட்களில் நீந்தத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். இடுப்பில் கட்டும் ஊதும் மிதவை மடித்த தடியளவுகூட இடம் பிடிக்காது.

வேடர்ஸ் என்ற மார்புவரை வரும் ரப்பர் காற்சட்டைக்குள் தண்ணீர் புகுந்தால் கல்லைப்போல் கீழே இழுக்கும் என்று சொல்வார்கள். ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்குப் பாரமில்லை. கரையேறும்போதுதான் அது தூக்கவிடாது. இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டினால் உள்ளே புகும் தண்ணீர் குறையும். விழுந்தால் மல்லாந்து, காலை நீரோட்டம் போகும் பக்கம் நீட்டி மிதந்து, கரைப்பக்கமாகக் கையை வலியுங்கள். வேகமான தண்ணீரில் எழும்பி நிற்கப் பார்த்தால் கல்லிடுக்கில் கால் சிக்கும்.

பாலங்களுக்கு மேலால் ஹைட்ரோ மின்கம்பி போகும் இடங்களில் தடியைப் பொருத்தாதீர்கள். கார்பன் தடி மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டால் கழற்றி வைத்துவிட்டுக் காருக்குள் போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் இருங்கள். புல்லுக்குள்ளால் நடந்து வந்தவர்கள் வீட்டில் உண்ணி தேடுங்கள். 24 மணித்தியாலத்துக்கு மேல் கடித்திருந்த கருங்கால் உண்ணியென்றால் எடுத்து 72 மணித்தியாலத்துக்குள் வைத்தியரிடம் காட்டினால் லைம் நோய்க்கு ஒரே ஒரு தடவை மருந்து கொடுத்துத் தடுக்கலாம். ஆற்றுநீர் பட்ட முள்காயத்துக்கு, கடைசி ஏற்புவலித் தடுப்பூசி 5 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் இன்னொன்று தேவை. காயத்தைச் சுற்றிச் சிவப்பு படர்ந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அடுத்த நாள்வரை காத்திருக்காதீர்கள்.

என் தடிக் குழாயோடு ரப்பர் வளையத்தால் கட்டிய ஒரு துணிப்பை எப்போதும் இருக்கிறது. அதற்குள் கண்ணாடி, தொப்பி, சின்னக் குறடு, பலமான நூல், உண்ணி எடுக்கும் இடுக்கி, விசில். மிதவைப் பட்டியும் பக்கத்திலேயே. வீட்டில் பாவிக்க என்று இதிலிருந்து எதையும் எடுக்க நான் விடுவதில்லை. எடுத்தால் திரும்பி வராது. தடியைப் பொருத்த முன் வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி போடுவேன்: "எலோரா, பாலத்துக்குக் கீழ, ஏழு மணிக்கு வெளிக்கிடுவன்." ஏழேகாலுக்கும் என் பதில் வராவிட்டால் மனைவி கைபேசிக்கு அழைப்பு எடுப்பார். அதற்கும் நான் எடுக்காவிட்டால் யாருக்கு அடுத்து அழைப்பது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.