யஸ்த் வீடுகளுக்குள் காற்று இறங்கும் விதம்

ஈரானின் நடுவே, பாலைவனங்களுக்கு இடையில் இருக்கிறது யஸ்த். ஆண்டு மழை சுமார் 60 மில்லிமீட்டர்தான். கோடை வெயிலோ சாதாரணமாகவே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இந்தப் பழைய நகரத்தில், மண் வீடுகளின் மேல், காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் கோபுரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அங்கே அவற்றுக்குப் பெயர் பாத்கீர்.

கோபுர உச்சியில் நாலு பக்கமும் உயரமான, ஒடுக்கமான திறப்புகள். உள்ளே செங்கல் தடுப்புகள் கோபுரத்தைத் தனித்தனிக் குழாய்களாகப் பிரிக்கின்றன. சூட்சுமமே இந்தத் தடுப்புதான். அது இல்லாவிட்டால் ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் அப்படியே வெளியேறிவிடும். காற்று மோதும் பக்கத்தில் அழுத்தம் கூடுவதால், அந்தக் குழாய் வழியே காற்று அறைக்குள் இறங்கும். எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் குறைவதால், அறையின் வெப்பக்காற்று அந்த வழியாக மேலே இழுக்கப்படும். சரி, காற்றே வீசாத நாளில்? வெயிலில் கோபுரம் சூடாகும். உள்ளிருக்கும் காற்று லேசாகி மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப முற்றத்திலிருந்து நிழல்காற்று அறைக்குள் வரும். கோபுரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் மரக்கட்டைகள் வெறும் அலங்காரம் இல்லை. கட்டுமானத்தைப் பிணைப்பதும், பழுதுபார்க்க ஏறுபவர் கால் வைப்பதும் அவற்றில்தான்.

யஸ்தின் தவ்லதாபாத் தோட்டத்தில் உள்ள பாத்கீரின் உயரம் சுமார் 33 மீட்டர். அதன் அடியில் ஒரு நீர்த்தொட்டி. இறங்கும் காற்று தண்ணீரைத் தொட்டு, அதைக் கொஞ்சம் ஆவியாக்கி, தன் வெப்பத்தை இழக்கிறது. மண்பானை குளிர்வது போலத்தான். ஆனால் இதற்கு வறண்ட காற்று வேண்டும். வியர்வையே காயாத சென்னையில் இந்தத் தொட்டியால் பெரிய பலன் இருக்காது.

பக்கத்து ஊரான அர்தகானில் பாத்கீர்களுக்குப் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் திறப்பு. நல்ல காற்று வரும் திசையைப் பார்த்து, புழுதிக்காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும்.

யஸ்த் வீடுகளின் அமைப்பும் இப்படி முதுகைக் காட்டுவதுதான். தெருப்பக்கம் கிட்டத்தட்ட வெறும் சுவர். அறைகள் எல்லாம் முற்றத்தை நோக்கியே திறக்கும். வாசலில் நுழைந்தாலும் வழி திரும்பித்தான் போகும், முற்றம் கண்ணில் படாது. வீட்டுப் பெண்கள் அந்நியர் கண்ணில் படக்கூடாது என்ற வழக்கமும், புழுதியைத் தடுக்கும் தேவையும் சேர்ந்து உண்டாக்கிய அமைப்பு இது. எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை என்றே நினைக்கிறேன். அப்புறம், கோடைக்கு வடக்கு பார்த்த கூடம், குளிருக்குத் தெற்கு பார்த்த அறைகள். வீடு முழுவதையும் குளிர்விப்பதைவிட, பருவத்துக்கேற்ப மனிதர்கள் இடம் மாறுவது எளிது.

யஸ்தில் தலைமுறை தலைமுறையாக வாழும், ஈரானின் பழைய மதத்தைப் பின்பற்றும் ஜொராஸ்ட்ரியர்களுக்கு நீண்ட காலம் பாத்கீர் கட்ட அனுமதி இல்லை. வீட்டையும் தாழ்வாகத்தான் கட்ட வேண்டியிருந்தது. சிறுபான்மையினர் வீடு ஓங்கி நிற்கக்கூடாது என்பது அன்றைய விதி. ஆக, வீட்டின் உயரத்தைக் காற்று மட்டும் முடிவு செய்யவில்லை, அதிகாரமும் முடிவு செய்தது. அந்தத் தடை தளரத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்தில்தான்.