கட்சி யாப்பில் உறுப்பினருக்கு என்ன உரிமை இருக்கிறது?

இலங்கையில் கட்சித் தகராறு ஒன்று கொழும்பு, புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போனால், முதலில் கேட்கப்படுவது கட்சியின் யாப்பு, அதாவது அதன் சட்டதிட்டங்கள் அடங்கிய ஆவணம். கூட்ட அறிவித்தல் எத்தனை நாளுக்கு முன் போனது, அதை அனுப்ப யாருக்கு அதிகாரம், வந்தவர்கள் உண்மையில் உறுப்பினர்கள்தானா என்பவையே அங்கு கேள்வி. “உட்கட்சி ஜனநாயகத்தைப் பேணுவோம்” என்ற வாசகம் இவற்றில் ஒன்றுக்கும் விடை தராது. நாள் கணக்கும் பொறுப்பாளரும் குறிப்பிடப்படாத உரிமையை உறுப்பினரால் கேட்டு வாங்க முடியாது.

2024 ஜனவரியில் இலங்கைத் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் தன் தலைவரை இரகசிய வாக்கெடுப்பில் தெரிவு செய்தது. பாராட்டத்தக்க காரியம். ஆனால் யாப்பு மீறப்பட்டதென்று அடுத்த மாதமே வழக்கு வந்து, தேசிய மாநாட்டுக்கு இடைக்காலத் தடை விழுந்தது. வாக்கெடுப்பு மட்டும் போதாது. அதற்கு முந்திய படிகளும் யாப்பின்படி நடந்திருக்க வேண்டும்.

முதற்படி அங்கத்துவப் பதிவேடு. பெயர், அடையாள அட்டை இலக்கம், கிளை, சேர்ந்த திகதி, சந்தா பற்றுச்சீட்டு இலக்கம் எல்லாம் அதில் இருக்கட்டும். தெரிவுக்கு 60 நாளுக்கு முன் பதிவேட்டை மூடி, ஆட்சேபனைக்கு 14 நாள் கொடுங்கள். இல்லாவிட்டால் கடைசி வாரத்தில் கட்டுக்கட்டாகப் படிவங்கள் வரும். கொழும்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளவத்தையில் வசிப்பவரின் வாக்கு யாழ்ப்பாணத்திலோ நுவரெலியாவிலோ இருக்கும். கிளையைத் தீர்மானிப்பது வசிப்பிடமா, வாக்காளர் இடாப்பா என்று யாப்பு சொல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டு கிளைகளில் வாக்களிப்பார், அல்லது இரண்டிலும் மறுக்கப்படுவார்.

அதிகம் கவனிக்க வேண்டியது ஒழுக்காற்றுப் பிரிவு. அரசியலமைப்பின் 99(13)ஆம் உறுப்புரைப்படி, கட்சியிலிருந்து நீக்கப்பட்ட பாராளுமன்ற உறுப்பினரின் ஆசனம் ஒரு மாதத்தில் வெற்றிடமாகும். அதற்குள் அவர் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்; மூன்று நீதியரசர்கள் இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2000இல், ஐக்கிய தேசியக் கட்சி நீக்கிய சரத் அமுனுகம முதலானோரின் வழக்கில் நீக்கம் செல்லாது என்று தீர்ப்பானது. 2023இல் நஸீர் அஹமட்டை முஸ்லிம் காங்கிரஸ் நீக்கியது செல்லும் என்று தீர்ப்பாகி, அவர் ஆசனத்தை இழந்தார்.

சாதாரண உறுப்பினருக்கு அந்தத் தனிவழி இல்லை. மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே அவரைக் காக்கும் வேலை யாப்பினுடையது. மீறப்பட்ட வாசகத்தைக் குறிப்பிட்ட எழுத்துமூலக் குற்றச்சாட்டு, பதிலளிக்க 14 நாள், சாட்சியங்களின் பிரதி, நேரில் பேசும் வாய்ப்பு, விசாரித்தவர்கள் அமராத மேன்முறையீட்டுக் குழு ஆகிய ஐந்தும் வேண்டும். இடைநிறுத்தத்துக்கு 90 நாள் எல்லை வைத்து, அதற்குள் விசாரணை முடியாவிட்டால் அது தானாகவே நீங்கும் என்று எழுதுங்கள். எல்லையில்லாத இடைநிறுத்தம், நீக்காமலே ஒருவரின் வாக்கைப் பறிக்கும் வழி.

மொழியையும் விட்டுவிடக்கூடாது. தமிழ் உறுப்பினருக்குச் சிங்களத்தில் மட்டும் குற்றச்சாட்டுக் கடிதம் போனால், 14 நாளில் பாதி மொழிபெயர்ப்பிலேயே கழியும். உறுப்பினர் கேட்கும் மொழியில் கடிதம் கிடைத்த நாளிலிருந்தே கணக்குத் தொடங்க வேண்டும். இரு மொழிப் பிரதிகள் முரண்பட்டால் எது மேலோங்கும் என்பதும் யாப்பில் இருக்கட்டும்.

அடுத்தது செயலாளரின் அதிகாரம். தேசியப்பட்டியலில், அதாவது நாடளாவிய வாக்குகளுக்கு ஏற்பக் கட்சிக்குக் கிடைக்கும் பாராளுமன்ற ஆசனங்களில், வெற்றிடம் வந்தால் பெயர் கொடுப்பது அவர்தான். நியமனக் குழு எழுத்தில் எடுத்த முடிவின்படியே அவர் பெயர் அனுப்ப வேண்டும் என்ற வரி பல யாப்புகளில் இல்லை. அவர் கூட்டமே கூட்டாவிட்டால் என்ன வழி? பொதுச்சபையில் ஐந்தில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டுக் கோரினால் 21 நாளுக்குள் கூட்ட வேண்டும், தவறினால் கோரியவர்களே கூட்டலாம் என்று எழுதுங்கள். யாப்பில் ஒரே ஒரு திருத்தம் செய்ய இடம் கிடைத்தால், இதையே செய்யுங்கள்.

யாப்புத் திருத்தத்தின் முழு வாசகமும் 30 நாளுக்கு முன் போகட்டும். “ஏனைய விடயங்கள்” என்ற தலைப்பில் திருத்தம் எடுக்க இடம் தரவேண்டாம். மூன்றில் இரண்டு என்றால் சமுகமளித்து வாக்களித்தவர்களிலா, மொத்த உறுப்பினர்களிலா? அதைத் தெளிவாக எழுதுங்கள். அறிவித்தலைப் பதிவுத்தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டுகளைக் கூட்டறிக்கையோடு கட்டி வையுங்கள். வழக்கென்று வந்தால் சத்தியக்கடதாசியோடு இணைக்க அவைதான் தேவைப்படும்.