இரவல் வாங்கிய இறந்தகாலம்

பள்ளியில் ஆங்கில வினைச்சொற்களை வாய்ப்பாடு மாதிரி கோரஸாகச் சொல்ல வைப்பார்கள். 'வாக், வாக்டு, வாக்டு' வரைக்கும் தாளம் தப்பாது. 'கோ, வென்ட், கான்' வந்தால் எனக்கு இடறும். கோவும் கானும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று காதே சொல்லிவிடுகிறது. நடுவில் நிற்கும் இந்த வென்ட் யார்? கேட்டதற்கு, "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்றார் ஆசிரியர். அது அவ்வளவு மோசமான பதில் இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

வென்ட் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அதன் சொந்த வினை வெண்ட். தமிழில் எழுதும்போது இரண்டும் குழப்பும்: 'வண்டி'யில் வரும் ட ஓசையில் முடிவது வெண்ட், 'வட்டி'யில் வரும் ட ஓசையில் முடிவது வென்ட். அனுப்புவதைக் குறிக்கும் செண்ட், இறந்தகாலத்தில் சென்ட் ஆகிறதில்லையா? வளைப்பதைக் குறிக்கும் பெண்ட், பென்ட் ஆகிறது. அதே வரிசையில் வெண்டுக்கு வென்ட்.

இந்த வெண்டின் பிறப்பு நமக்கு எளிதில் புரியக்கூடியது. சுற்றுவது, வளைவது என்ற பொருளில் ஆங்கிலத்தில் வைண்ட் என்றொரு வினை உண்டு. 'திரும்பு' என்ற தன்வினையிலிருந்து நாம் 'திருப்பு' என்ற பிறவினையை உண்டாக்குவதுபோல, வைண்டின் முன்னோரிலிருந்து உண்டான பிறவினைதான் வெண்ட். முதலில் திருப்புவது, அப்புறம் தன்னையே ஒரு திசையில் திருப்பிக்கொண்டு கிளம்புவது, கடைசியில் வெறுமனே போவது.

சரி, கோவுக்குச் சொந்தமாக ஓர் இறந்தகாலம் இருந்திருக்குமே, அது எங்கே? ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தைப் பார்த்தால் அங்கும் இல்லை! 'போனான்' என்பதற்கு அவர்கள் 'எயோதெ' என்றார்கள். அதுவும் வேறொரு வேரிலிருந்து வந்த சொல். அதாவது அந்த இடத்தில் ஏற்கெனவே ஓர் ஒட்டு. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் தென் இங்கிலாந்தில் பழைய ஒட்டு விழுந்து வென்ட் என்ற புது ஒட்டு வந்து உட்கார்ந்தது. வடக்கே ஸ்காட்லாந்துப் பக்கம் மட்டும் கோவின் வேரிலிருந்தே 'கேய்ட்' என்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள்.

ஒரு வினையின் வடிவங்களில் ஒன்றை வேறு வினை வந்து நிரப்புவதை மொழியியலில் சப்ளீஷன் என்கிறார்கள். தமிழில் 'சா' செத்தான் ஆகும், 'வா' வந்தான் ஆகும்; உருவம் மாறினாலும் வேர் அதேதான். ஆங்கிலத்தில் இருப்பதைக் குறிக்கும் வினையோ மூன்று வேர்களைக் கூட்டி வைத்திருக்கிறது. 'இஸ்' என்பதன் உறவு சமஸ்கிருத 'அஸ்தி'; ஆத்திகர், நாத்திகர் என்ற சொற்களுக்குள் ஒளிந்திருப்பது அதுதான். 'பீ' என்பதன் உறவு 'பவதி'. 'வாஸ்' என்பதன் உறவு 'வசதி', அதாவது தங்குகிறான். அங்கிருந்துதான் நாம் வசிப்பதையும் வாசத்தையும் வாங்கினோம். 'நான் சென்னையில் வசிக்கிறேன்' என்பவரின் வாயிலும் ஆங்கில வாஸின் ஒன்றுவிட்ட உறவு ஒன்று இருக்கிறது.

இத்தனை கோணல் ஏன் அதிகம் புழங்கும் சொற்களிலேயே இருக்கிறது? புழங்குவதால்தான் பிழைத்திருக்கிறது. 2007இல் நேச்சர் இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பழைய ஆங்கிலத்திலிருந்து விதிக்கு அடங்காத 177 வினைகளை எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்தபோது, இன்றுவரை அடங்காமல் நிற்பவை 98. மற்றவை 'எட்' விகுதி ஏற்று ஒழுங்குக்கு வந்துவிட்டன. உதவுவதைக் குறிக்கும் ஹெல்ப்புக்கு ஒரு காலத்தில் இருந்த 'ஹோல்ப்' இன்று ஹெல்ப்டு. நூறில் ஒரு பங்கே புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக ஒழுங்குக்கு வருகிறதாம்.

காரணத்தைக் குழந்தைகளிடம் பார்க்கலாம். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தை முதலில் கேட்டபடியே வென்ட் என்கிறது. சில மாதங்களில் எட் விதி பிடிபட்டதும், நேற்றுவரை சரியாகச் சொன்னதை விட்டுவிட்டு, கோவோடு எட்டை ஒட்டிப் புதுச் சொல் பண்ணுகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காத சொல் அது. ஆனால் நாள் முழுக்க வீட்டில் வென்ட் காதில் விழுந்துகொண்டே இருப்பதால் மறுபடி அதற்கே திரும்பிவிடுகிறது. அபூர்வமாகக் காதில் விழும் வினையாக இருந்தால் குழந்தை பண்ணிய சொல்லே நிலைத்துவிடும். ஆக, வென்டைக் காப்பாற்றிவருவது எங்கள் ஆசிரியர் சொன்ன அதே மனப்பாடம்தான்.

பிள்ளையைக் கொடுத்த வெண்ட் இன்னும் சாகவில்லை. வளைந்து நெளிந்து மெதுவாக வழி போவதைச் சொல்ல எப்போதாவது எழுத்தில் வரும். அதற்கும் ஓர் இறந்தகாலம் வேண்டுமே? எட் ஒட்டி 'வெண்டெட்' என்று பண்ணிக்கொண்டது.