இரண்டு வாய்த் தகரக் குடுவையும் அதன் நீலச் சட்டையும்

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர் படம் அனுப்பியிருந்தார். பழைய சாமான் கடையில் வாங்கிய தகரக் குடுவை, அதன் மேல் வெளிறிப்போன நீலக் கம்பளித் துணி, தலையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு வாய். "பிரெஞ்சு சிப்பாய்களுடைய தண்ணீர்க் குடுவை என்று கடைக்காரர் சொன்னார். எந்த வருஷத்தது? எதற்கு இரண்டு வாய்?" என்று கேட்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டதும் பொருளையே கொண்டுவந்து கொடுத்தார், இரண்டு நாள் என் மேசையில் இருந்தது.

கடைக்காரர் சொன்னது சரிதான். பிரெஞ்சில் இதற்கு பிதோன் என்று பெயர், இந்த வடிவம் 1877 மாடல். வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டை இரண்டு பாதியாக அச்சில் அழுத்தி, விளிம்பில் பற்றவைத்திருப்பார்கள். அளவு ஒரு லிட்டர். ஆப்பிரிக்காவில் இருந்த படைகளுக்கு மட்டும் இரண்டு லிட்டர் குடுவை இருந்தது, முதல் உலகப் போர் நீண்டுகொண்டே போனபோது அது பிரான்சின் போர்முனைக்கும் வந்தது. ஏன் ஒரு லிட்டர் போதவில்லை? தண்ணீரோடு தினசரி ஒயின் பங்கும் உண்டு. ஆரம்பத்தில் கால் லிட்டர், 1916இல் அரை லிட்டர், 1918இல் முக்கால் லிட்டர். அதனால்தான் அந்தக் காலப் புகைப்படங்களில் சிலர் தோளில் இரண்டு குடுவை தொங்கும்.

சரி, இரண்டு வாய்க்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுச் சாய்த்தால் என்ன ஆகும்? கொஞ்சம் ஊற்றும், நிற்கும், 'களக் களக்' என்று திணறும். உள்ளேயிருந்து எண்ணெய் வெளியேறியதும் மிச்சமிருக்கும் காற்று விரிந்து அதன் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று அழுத்தம் எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிறது. ஒரு குமிழி உள்ளே நுழைந்த பிறகுதான் அடுத்த வாய் எண்ணெய் வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் ஒழுங்காக விழுகிறதே, அதே வேலையைத்தான் இந்தக் குடுவையில் பெரிய வாய் செய்கிறது. சிப்பாய் பெரிய வாயின் தக்கையைத் தளர்த்திவிட்டு, தலையை அண்ணாந்து, சின்ன வாயிலிருந்து உதடு படாமல் ஊற்றிக்கொள்வான். காற்று ஒரு வழியாகப் போக, தண்ணீர் மறு வழியாக வரும். உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஒன்றே என்பதால் தாரையின் வேகத்தை முடிவு செய்வது தண்ணீரின் உயரம் மட்டும்தான். 10 செ.மீ. உயரம் என்றால் நொடிக்கு சுமார் 1.4 மீட்டர், அண்ணாந்த வாயில் சிந்தாமல் விழுவதற்கு அளவான வேகம். நம் கெண்டியிலும் இதே ஏற்பாடுதான்: மேலே நிரப்பும் வாய், பக்கத்தில் ஊற்றும் மூக்கு.

இதில் இன்னொரு அழகும் இருக்கிறது. வாசகரின் குடுவையில் தண்ணீர் நிரப்பி, பெரிய வாயைக் கட்டைவிரலால் இறுக்க மூடி, சின்ன வாயைக் கீழே பார்க்கக் கவிழ்த்தேன். இரண்டு மூன்று சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். சின்ன வாய் குறுகலாக இருப்பதால் தண்ணீரின் பரப்பு இழுவிசை அங்கே ஒரு தோல்போல நின்று காற்றுக் குமிழியை உள்ளே விடுவதில்லை. விரலை எடுத்தேன், உடனே தாரை. மறுபடி மூடினேன், நின்றது. திருகும் இல்லை, வால்வும் இல்லை, ஒரு கட்டைவிரல்தான் குழாய்! பத்து தடவைக்கு மேல் செய்து பார்த்திருப்பேன்.

மேலே சுற்றிய கம்பளியை நனைத்தால் ஆவியாதல் உள்ளே இருப்பதைக் குளிர்விக்கும், மண்பானை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வருஷம் சொல்வதும் இந்தத் துணிதான். போருக்கு முன்பு கருநீலமோ நீலம் கலந்த இரும்புச் சாம்பலோ, 1915 முதல் 'தொடுவான நீலம்' என்ற வெளிர் நீலம், பிறகு காக்கி. தொடுவான நீலம் பிறந்ததே ஒரு வேதியியல் கதை. 1914 ஜூலையில் நீலம், வெள்ளை, சிவப்பு இழைகள் கலந்த துணியைத்தான் பிரான்ஸ் தேர்ந்தெடுத்தது. அந்தச் சிவப்புக்கு வேண்டிய அலிசரின் சாயம் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அடுத்த மாதமே அதே ஜெர்மனியோடு போர், சிவப்பு கழன்றுவிட்டது. மிஞ்சிய கலவையில் வெளிர் நீல இழை 50 சதவீதம், வெள்ளை 35, கருநீலம் 15.

நெய்த பிறகு சாயத்தில் முக்கிய துணி இல்லை இது. கம்பளி மயிரைத் தனித்தனியாகச் சாயமிட்டு, கலந்து, அப்புறம்தான் நூற்றார்கள். அதனால் நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும். இந்தக் குடுவையின் தையல் ஓரத்தில், வெயில் படாத மடிப்பைத் திறந்து பார்த்தேன். தூரத்தில் ஒரே நீலம், லென்ஸில் வெள்ளை, வெளிர் நீலம், கருநீலம் மூன்றும் பின்னிக் கிடந்தன. பிற்காலத்தில் மொத்தமாகச் சாயமேற்றிய துணியாக இருந்தால் எல்லா இழையும் ஒரே நிறத்தில் இருந்திருக்கும். அடுத்து, ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சைத் தையல் நூலில் அடித்தேன். இன்றைய நூல்களிலும் சலவைத்தூளிலும் இருக்கும் வெண்மையூட்டிகள் பளீரென நீல வெள்ளையாக ஒளிரும். இந்த நூல் இருட்டாகவே இருந்தது. (ஒளிர்ந்தாலும் போலி என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது, யாராவது சலவைத்தூள் போட்டுத் துவைத்திருக்கலாம்.)

ஆனால் விற்பவர்கள் மறைக்கும், வாங்குபவர்கள் மறக்கும் விஷயம் ஒன்று உண்டு: துணியின் வயது தகரத்தின் வயது ஆகாது. துணி கிழிந்தால் புதுத் துணி தைப்பார்கள். 1890களின் தகரம் 1915இன் நீலச் சட்டைக்குள் இருக்கலாம், பிறகு காக்கியும் போட்டிருக்கலாம். ஆகவே தகரத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். பற்றவைத்த விளிம்பு, வாய்களின் அடிப்பாகம், முத்திரை இருந்தால் முத்திரை. துரு நிறைய இருந்தால் பழசு என்பது வெறும் நம்பிக்கை. வெள்ளீயப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலே போதும், வெளிக்காற்றின் ஈரத்தில் வெள்ளீயம் தப்பித்துக்கொள்ள இரும்பு முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். உப்புத் தண்ணீரில் நாலு நாள் போட்டால் நூறு வருஷத்துத் துரு தயார்.

உலோகக் கலவையைச் சுரண்டாமலே சொல்லும் கையடக்க எக்ஸ்ரே கருவிகள் இருக்கின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930லேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கிய ஊர் நம்முடையது. மாவட்டத்துக்கு ஒரு கருவி வாங்கி, வாரத்தில் ஒரு நாள் பொதுமக்கள் கொண்டுவரும் பொருள்களைப் பார்த்துச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! புதுக் கட்டடம் கட்டுவதைவிட இதற்குப் பணம் ஒதுக்குவதுதான் நியாயம் என்பேன்.

வாசகருக்கு என் பதில்: துணி 1915 அல்லது அதற்குப் பிந்தையது, தகரம் 1877க்கு முந்தியதல்ல. புதுச்சேரியிலிருந்து அந்தப் போருக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் இந்தக் குடுவை அவர்களில் ஒருவருடையது என்று சொல்ல இதில் பெயரோ எண்ணோ இல்லை, பொறித்து வைத்துவிடவும் வேண்டாம். துணியைத் துவைக்காதீர்கள். இதில் ஊற்றிக் குடிக்கவும் வேண்டாம், அந்தக் காலப் பற்றவைப்பில் காரீயம் உண்டு, புளிப்பான எதுவும் அதைக் கரைத்துவிடும். கட்டைவிரல் சோதனையை மட்டும் வெறும் தண்ணீரில் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு, நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள்.