ஊரடங்கு ஆண்டில் குற்றம் கூடியது எப்படி?

எல்லோரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த 2020இல் நாட்டில் குற்றங்கள் 28 சதவீதம் கூடின என்கிறார்களே, உண்மையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு அதுதான். 2019இல் 51.6 லட்சம் வழக்குகள். 2020இல் 66 லட்சம். லட்சம் பேருக்கு 385.5 என்றிருந்த விகிதம் 487.8 ஆனது. ஆனால் அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான ஐ.பி.சி. (2024 ஜூன் வரை அமலில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம்) 188ஆம் பிரிவை மட்டும் பாருங்கள்: 29,469 வழக்குகள் 6,12,179 ஆகப் பெருகின. ஊரடங்கை மீறி வெளியே வந்தவர்கள்மீது போட்டவைதான் பெரும்பாலும். திருட்டு வழக்குகளோ குறைந்தன. காப்பகம் எண்ணுவது நடந்த குற்றங்களை அல்ல, பதிவான எஃப்.ஐ.ஆர்.களை.

ஒரு எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால்? இங்கேதான் 'முதன்மைக் குற்ற விதி' வருகிறது. இரவில் வீடு புகுந்து, கொள்ளையடித்து, அங்கிருந்த பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றுவிட்டார்கள் என்று வையுங்கள். ஐ.பி.சி. காலத்து எஃப்.ஐ.ஆரில் 457 (இரவில் வீடு புகுதல்), 392 (கொள்ளை), 376 (பாலியல் வன்கொடுமை), 302 (கொலை) என நான்கு பிரிவுகளும் இருக்கும். நீதிமன்றம் நான்கையும் விசாரிக்கும். அட்டவணையிலோ மிகக் கடுமையான தண்டனைக்குரிய 302 மட்டுமே ஏறும். கொலை ஒன்று கூடும். கொள்ளைக் கணக்கிலும் வன்கொடுமைக் கணக்கிலும் அந்தச் சம்பவமே இருக்காது. ஒரே வழக்கை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி, கூடவே நடந்த குற்றங்களை விழுங்கிவிடுகிறது. இந்த உதாரணத்தில் வருவது போன்ற, வன்கொடுமையுடன் கூடிய கொலைக்குப் பின்னாளில் தனி வரிசை கொடுத்தார்கள்; மற்ற சேர்க்கைகளுக்கும் அது வேண்டும். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதே போன்ற விதியைக் கைவிட்டு, ஒரு சம்பவத்தில் பத்துக் குற்றங்கள் வரை பதியும் முறைக்கு 2021இல் மாறியது. காவல் நிலையங்கள் கணினிமயமான பிறகும் நாம் ஏன் தயங்க வேண்டும்?

தண்டனை விகிதத்திலும் வகுக்கும் எண்ணைக் கவனியுங்கள். நீதிமன்றத்தில் 1,000 வழக்குகள் இருக்கின்றன. ஓராண்டில் 60 முடிந்து, 24இல் தண்டனை என்றால் விகிதம் 40 சதவீதம். தேங்கிக் கிடக்கும் 940 இந்தக் கணக்கில் வராது.

புகாரே கொடுக்காதவர்களை இந்த அட்டவணைகள் எதிலும் காண முடியாது. பிரிட்டனில் 1982 முதல் வீடு வீடாகப் போய், 'கடந்த ஓராண்டில் உங்களுக்கு எதிராகக் குற்றம் நடந்ததா, போலீஸிடம் சொன்னீர்களா?' என்று கேட்கிறார்கள். அப்படியொரு தொடர் கணக்கெடுப்புக்கு இந்திய அரசு பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். அதுவரை, வழக்குப் பதியத் தயங்காத மாநிலம்தான் பட்டியலில் மோசமானதாகத் தெரியும்.