மோடத்தின் ‘சென்ட்’ விளக்கு நிலைக்காவிட்டால்

கேபிள் இணையம் வரவில்லை என்றால் பலரும் முதலில் கணினியைத்தான் சந்தேகிக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே, சுவரிலிருந்து மோடத்துக்கு (கேபிள் சிக்னலைக் கணினிக்கேற்ப மாற்றும் பெட்டி) வரும் கோஆக்சியல் கேபிளில், அதாவது நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் கொண்ட கேபிளில், இருக்கும். எங்கே என்று மோடத்தின் விளக்குகளே சொல்லிவிடும்.

மின்சாரம் கொடுத்ததும் மோடம் கேபிளில் வரும் அலைவரிசைகளைத் துழாவி ஒரு சேனலைப் பிடிக்கும். ‘ரிசீவ்’ விளக்கு மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரியும். அடுத்து, தன் சிக்னலை எவ்வளவு வலுவாக, எந்தக் கணத்தில் அனுப்ப வேண்டும் என்று கேபிள் நிறுவனத்தின் கருவியோடு பேசிச் சரிசெய்துகொள்ளும், ‘சென்ட்’ நிலைக்கும். பிறகு இணையத்தில் கருவியை அடையாளம் காட்டும் ஐபி முகவரியும், வேக வரம்பு எழுதிய அமைப்புக் கோப்பும் வந்து சேர்ந்தால் ‘ஆன்லைன்’. முதல் முறை இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். நடுவில் அணைத்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்துதான்.

அதிகம் சிக்குவது ‘சென்ட்’டில்தான். ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் இருவழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு கிளையிலும் சுமார் 3.5 டெசிபல் தின்றுவிடும், அதாவது திறனில் பாதிக்கு மேல். அடுத்தடுத்து இரண்டு மாட்டினால் மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்கு. நிறுவனத்தை எட்ட மோடம் குரலை உயர்த்திக்கொண்டே போகும். உச்சவரம்பைத் தொட்டதும் இணைப்பு அறுந்து அறுந்து வரும். ஆகவே சுவரிலிருந்து முதல் ஸ்ப்ளிட்டரின் ஒரு கிளை நேராக மோடத்துக்கே போகட்டும். தொலைக்காட்சிகளுக்கு மற்ற கிளையைப் பிரித்துக்கொள்ளலாம். ஸ்ப்ளிட்டரில் காலியாக விட்ட வாயை 75 ஓம் மூடியால் அடைத்துவிடுங்கள்.

கேபிள் முனையில் உள்ள திருகு கனெக்டர் இன்னும் முக்கியம். ஆர்ஜி-6 வகை கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீட்டி நிற்க வேண்டும். வெளிப்பின்னலின் ஒரே ஓர் இழை அதைத் தொட்டாலும் ஷார்ட். கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் மெல்ல ஒரு கால் சுற்று போதும். தளர்ந்த கனெக்டர் வழியே வெளி இரைச்சல் உள்ளே புகும். மோடம் மேலே, அதாவது நிறுவனத்துக்கு, அனுப்பும் அலைவரிசைகள் 5 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகின்றன. சிற்றலை வானொலியும் மோட்டார்களின் இரைச்சலும் உலவும் பகுதி அது. நிறுவனத்தின் ஒரே கேபிள் கிளையில் உள்ள எல்லா வீடுகளின் இரைச்சலும் மேலே போகும் வழியில் ஒன்றுசேர்வதால், ஒரு வீட்டின் தளர்ந்த கனெக்டர் அக்கம்பக்கத்தார் இணைப்பையும் கெடுக்கும்.

பல மோடங்களில், உலாவியில் 192.168.100.1 என்று தட்டினால் சிக்னல் அளவுகள் தெரியும். நிறுவனத்திலிருந்து இறங்கும் சிக்னல் −7 முதல் +7 டெசிபல்-மில்லிவோல்ட்டுக்குள் (dBmV) இருந்தால் நல்லது. மேலே போவது 50-ஐ நெருங்கினால் ஸ்ப்ளிட்டரைக் கழற்றிப் பாருங்கள்.

‘ஆன்லைன்’ எரிந்தும் இணையம் இல்லையென்றால்தான் கணினியின் முறை. ஈதர்நெட் கேபிளை மாட்டி, ஐபி முகவரி தானாகக் கிடைக்கும்படி அமைப்பை வையுங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால், கணினி கேட்டதற்குப் பதிலே வரவில்லை என்று பொருள். வேறு கணினியையோ ரவுட்டரையோ புதிதாக மாட்டியபின் இது அடிக்கடி நேரும்: பல மோடங்கள் முதலில் கண்ட கருவியின் மேக் முகவரியையே (கருவிக்கென உள்ள அடையாள எண்) நினைவில் வைத்திருக்கும். மோடத்தின் மின்கம்பியை ஒரு நிமிடம் பிடுங்கி வைத்து, ‘ஆன்லைன்’ வந்தபின் புதிய கருவியை இயக்குங்கள்.